வழித்துணை நாதருக்கு ஒரு விசாரணை ஓலை

அடியாரைத் தேடித் தானே தெருவுக்கு எழுந்தருளும் இறைவனை வணங்கி, இக்கதையைச் சொல்லத் தொடங்குகிறேன்.

மருதங்குடியை ஆண்ட மகிபாலன் இரக்கமுள்ள மன்னன். தொழில் செய்து உறுப்பிழந்தவர்களுக்கு நாள்தோறும் இருநாழி அரிசி படித்தரமாக அளக்கும்படி ஆணையிட்டிருந்தான். ஆணை அரசனுடையது, அதை நடத்தும் பொறுப்போ அதிகாரி விழுப்பரையருடையது. அங்கேதான் வந்தது வினை!

தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுபவர் சடையாண்டி. சென்ற பங்குனியில் அவர் வலக்காலின் மேல் சக்கரம் ஏறிவிட்டது. படித்தரம் கேட்டு விண்ணப்பித்தார். விசாரணைக் கச்சேரி நாற்பது படிக்கட்டுகளுக்கு மேலே இருந்தது. குறித்த நாளில் அவரால் ஏற இயலவில்லை. "வாராதவருக்கு வழங்குவதற்கில்லை" என்று ஓலை வந்தது.

மறுமுறை விடியலிலேயே தவழத் தொடங்கினார். உச்சிப்பொழுதில் மேலே சேர்ந்தார்.

"உம்மை யார் தூக்கி வந்தது?" என்றார் விழுப்பரையர்.

"யாருமில்லை, ஐயா. நானேதான் வந்தேன்."

"நாற்பது படி ஏறியவருக்கு ஊனமா? தள்ளுபடி!"

"மேல்முறையீடு எங்கே செய்வது, ஐயா?"

"இங்கேதான். என்னிடந்தான். அடுத்த மாதம் ஏறி வாரும்!"

சடையாண்டியின் வீட்டில் அடுப்பெரிந்து இரண்டு நாள் ஆயிற்று. அவர் மனைவி பொன்னாத்தாள், அவைப்புலவர் வெண்காடரின் வாசலில் வந்து நின்று அழுதாள்.

"அழாதீர், தாயே! உம் கணவருக்கு முன்னே விசாரிக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவர் வழக்கை நாளைக்கே முடிப்போம்" என்றார் புலவர்.

மறுநாள் அரசவையில் வெண்காடர் எழுந்தார்.

"வேந்தே! அதிகாரியாரின் கண்டிப்பே கண்டிப்பு! ஆயினும் ஒருவரை மட்டும் தப்பவிட்டுவிட்டார். தலைமுறை தலைமுறையாக நம் களஞ்சியத்திலிருந்து அவருக்குப் படித்தரம் போகிறது. அவரோ ஒருநாளும் கச்சேரிக்கு வந்ததில்லை."

விழுப்பரையர் துள்ளி எழுந்தார். "யார் அந்த ஆள்?"

"அவர் நடந்து எவரும் பார்த்ததில்லை. தெருவுக்கு வந்தாலும் பிறர் தோள்மேல்தான் வருவார்."

"நடிப்பு! முழு நடிப்பு! படியேறி வரட்டும். வந்தால் கால் இருக்கிறது, தள்ளுபடி. வராவிட்டால் வாராதவர், அப்போதும் தள்ளுபடி. பெயரைச் சொல்லும், ஓலை எழுதுகிறேன்!"

"எழுதும். வழித்துணை நாதர். இருப்பிடம், சிவன் கோயில் கருவறை."

எழுத்தாணி கைநழுவி விழுந்தது. "சிவ சிவா! அபசாரம்! சுவாமி கச்சேரிக்கு வருவாரா?"

"வரமாட்டார். ஆனால் கோயிலுக்கு வர இயலாதவரைக் காண, வீதிதோறும் எழுந்தருளி வாசல்தோறும் நிற்பார். அந்தப் பெருமானே இறங்கி வருகிறான். தேர்ச்சக்கரத்தில் காலிழந்த சடையாண்டி நாற்பது படி தவழ்ந்து ஏறியதற்காகவே தள்ளுபடி செய்துவிட்டு, மேலிருந்து இறங்காத இவர் அவனினும் பெரியவரோ?"

மன்னன் முகம் சிவந்தது. "சடையாண்டிக்குக் கால் போன நாள்முதல் கணக்கிட்டு இன்றே அளந்து கொடுங்கள். இனி விசாரணை, விண்ணப்பித்தவர் வாசலில். விழுப்பரையர் நடந்தே போகட்டும்!"

பதினைந்து நாள் நடந்தார் விழுப்பரையர். பதினாறாம் நாள் அரசன் முன் நொண்டிக்கொண்டு வந்தார். "வேந்தே, முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. எனக்கும் படித்தரம் வேண்டுமென்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்."

"பாவம்!" என்றார் வெண்காடர். "விண்ணப்பத்தைக் கச்சேரியில் சேர்த்தது யார்?"

"நானேதான்! நாற்பது படியும் ஏறி..." என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்கு அணிவித்தான். "விழுப்பரையரே, மேல்முறையீடு செய்துகொள்ளும். அதைக் கேட்க இன்றுமுதல் சடையாண்டியை அமர்த்தியிருக்கிறேன்."

விழுப்பரையர் வீங்கிய முழங்கால்களைத் தடவிக்கொண்டார்.

"அஞ்சாதீர், ஐயா" என்றார் வெண்காடர். "அவர் வீட்டுக்குப் படிக்கட்டே கிடையாது."