வடிவு எத்தனை நாள் கஷ்டப்பட்டாள்?

“அம்மா, என் சொந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வரலை,” என்றார் சௌந்தரபாண்டியன்.

மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றுக்காக முப்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். ஜவ்வாது மலையடிவாரத்தில் தியான இல்லம் நடத்திவந்த அருள்மங்கையைத் தேடி வந்திருந்தார். அருள்மங்கை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“வேற எங்க வரும்?”

“ஓட்டல்ல படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். லிஃப்டுக்குப் பக்கத்து ரூம் மட்டும் கூடாது. நுழைஞ்சதும் மெத்தையைத் தூக்கிப் பார்க்கணும். எவ்வளவு பெரிய ஓட்டலா இருந்தாலும் மூட்டைப்பூச்சி இருக்கும்.”

“விமானத்துல?”

“இறக்கைக்கு நேரா உட்காரணும். குலுக்கல் அவ்வளவா தெரியாது. அவங்க தர்ற சாப்பாட்டைத் தொடவே கூடாது.”

“உடம்பு எப்படி இருக்கு?”

சௌந்தரபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அறுபத்தோரு வயசு. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஏழு மணிக்கு மேல ஒரு வாய் சாப்பிட மாட்டேன். எந்த ஊர் போனாலும் மாடிப்படிதான். உடம்பு சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும்மா. சின்ன வலியைக்கூட அலட்சியமா விடக் கூடாது. ஜனங்க எங்க கேக்குறாங்க?”

“வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?”

“இப்ப யாருமில்லை. என் மனைவி வடிவு போய் எட்டு மாசம் ஆச்சு. கிட்னி கெட்டுப் போச்சு.”

“எத்தனை நாள் கஷ்டப்பட்டாங்க?”

 

“நான் பாதி நாள் வெளியூர்ல... மகளுக்குத்தான் தெரியும்.”

மேசைமேல் கிடந்த அவருடைய செல்போனை அருள்மங்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இப்பவா?”

அருள்மங்கை தலையசைத்தார்.

மூன்றாவது முறை அழைத்த பிறகுதான் மகள் செந்தாமரை எடுத்தாள். அவர் கேட்டார்.

“நாலு வருஷம்,” என்றாள்.

“நாலு வருஷமா! எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே?”

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. 

“அம்மா சொன்னாங்கப்பா. கால் வீங்குது, இடுப்பு பிடுங்குதுன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க பெட்டி அடுக்கிக்கிட்டே, வெந்நீர் குடி, சரியாப் போயிடும்னீங்க.”