இந்த ஒரு அத்தியாயம் முடியட்டும்

மலை உச்சிப் புல்வெளியில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு வாசிக்கத் தெரியும்.

எப்போதோ சாலை போட வந்தவர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகைதான் அதன் வீடு. உள்ளே ஒரு இரும்புப் பெட்டி. பெட்டி நிறையப் புத்தகங்கள். கோடையிலும் மழையிலும் முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிச் சேர்க்கும். மார்கழி பிறந்து உறைபனி விழத் தொடங்கியதும் கதவைச் சாத்தும். உள்ளிருந்து ஒரு கல்லை உருட்டி முட்டுக் கொடுக்கும். பிறகு பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் தை முடியும்வரை வாசிப்புதான். விட்ட பக்கம் மறக்காமலிருக்கத் தன் முள் ஒன்றையே பிடுங்கி நடுவே வைத்துக்கொள்ளும்.

மலையில் அதற்கு நல்ல பெயர்.

"எத்தனை புத்தகம் படித்தவர்! மனசு எவ்வளவு பக்குவப்பட்டிருக்கும்!" என்று காட்டெருமைகூடத் தலையாட்டும்.

"பக்குவமா? போன வருஷம் கூடு கட்ட ஒரு துண்டு நார் கேட்டேன். 'உஸ்' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார் உங்கள் பண்டிதர்!" என்று கொண்டைக்குருவி மட்டும் சிரிக்கும்.

அந்த வருஷம் பனி முன்னதாகவே வந்தது. புல்லெல்லாம் காலையில் கண்ணாடி போல் விறைத்து நின்றது. அந்தப் புல்லுக்குள்தான் ஒரு முயல் மூன்று குட்டி போட்டிருந்தது. பிறந்து ஐந்து நாள். கடைக்குட்டிக்கு வெயில் ஏறியும் நடுக்கம் நிற்கவில்லை.

முயல் கொட்டகைக்கு ஓடியது.

"அண்ணே! அண்ணே! கதவைத் திறங்க!"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "யாரது?"

"நான்தான், முயல். மூணு குட்டி இருக்கு. வெளியில் பனி தாங்கலை. சோலைக்குள் போகலாமென்றால் செந்நாய் திரியுது. உங்கள் வீட்டில் ஒரு முழம் இடம் கொடுங்க, பனி குறையிற வரைக்கும்."

"ஐயோ, பாவமே!" என்றது முள்ளம்பன்றி.

"நல்லா இருப்பீங்க அண்ணே!"

"உன்னைச் சொல்லலை, தங்கச்சி. இந்தக் கதையில் ஒரு மான். குட்டியோடு பனியில் அலையுது. ஒரு குகையிலும் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எப்படித்தான் மனசு வருதோ இந்த ஜென்மங்களுக்கு!"

முயல் கதவோடு ஒட்டி நின்றது. பிறகு மெல்லச் சொன்னது. "என் குட்டிக்கும் குளிருது, அண்ணே."

"திறக்க மாட்டேன் என்றா சொன்னேன்? இந்த ஒரு அத்தியாயம் முடியட்டும். நடுவில் எழுந்தால் கோர்வை போய்விடும்."

முயல் வாசலில் நின்றது. வானத்தில் ஒரு பருந்து வட்டமிடுவதைக் கண்டதும் பதறிக் குட்டிகளிடம் ஓடியது.

மத்தியானம் மறுபடியும் வந்தது. "அத்தியாயம் முடிஞ்சுதா, அண்ணே?"

"முடிஞ்சுது. ஆனால் முடிகிற இடத்தில் ஓநாய்கள் மானைச் சுற்றிக்கொண்டன! இதில் நிறுத்தினால் எனக்கு நெஞ்சே வெடித்துவிடும். சாயங்காலம் வாயேன்."

சாயங்காலம் முயல் கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. வாய் திறந்து கூப்பிட முடியாததால் முன்னங்காலால் கதவைத் தட்டியது.

"கேட்குது, கேட்குது! ரெண்டே பக்கம்தான்!"

ரெண்டு பக்கம் பத்துப் பக்கமானது. தட்டும் சத்தம் நின்றது. 'நல்ல பெண். புரிந்துகொண்டாள்' என்று முள்ளம்பன்றி நினைத்துக்கொண்டது.

தகர ஓட்டை வழியே வந்த வெளிச்சம் மங்கியதும் புத்தகத்தை மூடியது. மானுக்கு என்ன ஆகுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் முயல் ஞாபகம் வந்தது. 'இருட்டிவிட்டதே. காலையில் பார்ப்போம்' என்று படுத்தது.

விடிந்ததும் கை புத்தகத்துக்குத்தான் போனது. கடைசி அத்தியாயம். ஒரு கிழட்டுக் கரடி குகையின் வாசலைத் திறந்து மானையும் குட்டியையும் உள்ளே அழைத்தது. முள்ளம்பன்றி தேம்பித் தேம்பி அழுதது. அவ்வளவு சந்தோஷம்! உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கல்லை உருட்டித் தள்ளிவிட்டு முயலைத் தேடி ஓடியது. காலடியில் பனிப்புல் நொறுங்கியது.

"தங்கச்சி! கரடி கதவைத் திறந்துவிட்டது! குட்டி பிழைச்சுது!" என்று தூரத்திலிருந்தே கத்தியது.

முயல் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எந்தக் குட்டி, அண்ணே?"

முயலின் வயிற்றுக்கடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கடைக்குட்டி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அதன் ரோமத்தின் மேலும் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

புதர் மேலிருந்த கொண்டைக்குருவி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நேற்று சாயங்காலம் கவ்விக்கொண்டு வந்தேனே, இவனைத்தான்," என்றது முயல். "நீங்கள் ரெண்டு பக்கம் என்றபோது மூச்சு இருந்தது."

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. படித்த இத்தனை புத்தகங்களில் அந்த நேரத்துக்கு ஆகிற ஒரு வரி கிடைக்கவில்லை. திரும்பி நின்று மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. கிழங்கு தோண்டிப் பழகிய நகங்கள்தான். ஆனால் உறைந்த மண் லேசில் இடம் கொடுக்கவில்லை. ஒரு சின்னக் குழி தோண்டி முடிக்க உச்சி வெயிலாகிவிட்டது.

கடைக்குட்டியை அதில் வைத்து மூடிய பிறகு, "கதவு திறந்துதான் இருக்கு. இவர்களையாவது கூட்டிக்கொண்டு போ," என்றது.

முயல் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முள்ளம்பன்றியும் அதைக் கேட்கவில்லை. இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்வி முயல் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. முள்ளம்பன்றி உள்ளே போகாமல், வாடைக் காற்று வரும் பக்கமாக வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டது.

ஏட்டில் வரும் துயரத்துக்குக் கண் கலங்கினால் மட்டும் போதாது. வாசலில் வந்து நிற்கும் துயரத்துக்கு அந்தக் கணமே எழுந்து கதவைத் திறக்க வேண்டும்.