உறை பிரிக்காத நாற்காலி

கொடுப்பவருக்கும் வாங்குபவளுக்கும் நடுவே ஓர் அறக்கட்டளை ஆபீஸ் இருந்தது. வாங்க வேண்டிய பேச்சித்தாய்தான் அந்த ஆபீஸைப் பெருக்குகிறவள். நடக்க முடியாத மகள் செவ்வந்தியை இடது இடுப்பில் சுமந்தே வளர்த்தாள்.

செவ்வந்திக்கென்று திருப்பூர்ப் பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலி அனுப்பினார். அது பிளாஸ்டிக் உறையோடு ஆபீஸ் மூலையிலேயே நின்றது. ஒற்றை நாற்காலிதான், ஆனாலும் விழா வைத்து மந்திரி கையால் கொடுக்க வேண்டுமாம். மந்திரி தேதி கொடுக்கவில்லை. பேச்சித்தாய் தினமும் அதைத் தூசி தட்டினாள். மழைக்காலக் காய்ச்சலில் செவ்வந்தி போய்விட்டாள்.

தை மாதம் பெரியவர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும் அறக்கட்டளை டைரக்டர் கமலநாதனுக்கு வியர்த்தது.

"பேச்சி, நாளைக்கு நாற்காலியில செவ்வந்தி உட்கார்ந்திருக்கணும். ஏதாவது ஒரு பிள்ளையைப் பிடிச்சிட்டு வா. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"வேற பிள்ளை எதுக்கு சார்? செவ்வந்தியையே உட்கார வைக்கிறேன்."

மறுநாள் உறை பிரிக்காத நாற்காலியில் மாலை போட்ட செவ்வந்தியின் படம் இருந்தது.

பெரியவர் திகைத்தார். "நான் ஆனியிலேயே அனுப்பினேனேம்மா?"

"நாற்காலி உடனே வந்துடுச்சுங்கய்யா. சார் மந்திரிக்காகக் காத்திருந்தாரு. எம்மவளுக்குத்தான் காத்திருக்கத் தெரியலை."

கமலநாதன் தரையைப் பார்த்தார். அதுவும் அவள் பெருக்கிய தரைதான்.

"நான் இப்ப என்னம்மா செய்யட்டும்?" என்றார் பெரியவர்.

"எங்க பின்தெருவுல ஒரு பையன் தவழ்ந்துதான் போறான். விழா இல்லாமக் கொடுங்கய்யா."

அவரே உறையைக் கிழித்து நாற்காலியைத் தள்ள, படத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சித்தாய் வழிகாட்டி முன்னால் நடந்தாள்.