ஏற்றத்தில் கேட்ட சத்தம்

பேச்சியக்காவிடம் கேள்வி கேட்டால் வாயால் பதில் வராது. சைக்கிளை எடுக்கச் சொல்வார்.

மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில், ஒரு காலத்தில் புளி மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில் அவர் சைக்கிள் பந்தயப் பயிற்சி முகாம் நடத்தினார். ஒரு காலத்தில் நாட்டுக்காக ஓட்டியவர். இதே மலையில் நடந்த ஒரு பந்தயத்தோடு ஓட்டுவதை விட்டுவிட்டார். முழங்கால் போய்விட்டது என்று சொன்னார்கள். கால் நன்றாகத்தான் இருந்தது. கடைசிக் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மட்டும் அவர் போவதே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சைக்கிளை எடுக்கச் சொல்வாரே!

அவருடைய சீடர்களில் அதிகம் ஜெயித்தவன் அழகுராஜா. ஒரு கம்பெனி அணியில் சம்பளத்துக்கு ஓட்டினான். அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்.

சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை முழுக்க வாங்குகிறான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவனுக்குப் பாதி உழைப்புத்தான். அதனால் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போய்க் களைத்தவன் முழங்கையை ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவான். ‘இனி நீ முன்னால் போ’ என்று அர்த்தம். பின்னால் இருப்பவன் போக வேண்டும். எல்லாரும் போவார்கள். அழகுராஜா மட்டும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து தன் செயினைப் பார்ப்பான், அதில் ஏதோ கோளாறு போல. வேறு யாராவது சலித்துக்கொண்டு முன்னால் போவார்கள். கடைசி வளைவு வந்ததும் அவன் செயின் சரியாகிவிடும். வலது பக்கமாக வெளியே வந்து எல்லாரையும் தாண்டிப் போய்விடுவான்.

செயின் ராஜா என்று அவனைக் கேலி செய்தார்கள். ஜெயிக்கிறவனுக்குக் கேலி என்ன செய்யும்? முகாமுக்குப் புதிதாக வந்திருந்த செல்வின் என்ற பையன்கூட அவனைப் பார்த்துப் பார்த்து அதே வித்தையைப் பழகிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் வெளிநாட்டு அணி ஒன்றின் ஆள் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மலைப் பந்தயத்தைப் பார்த்து, ஒரே ஒருவனை அழைத்துப் போவதாகப் பேச்சு. அழகுராஜாவுக்கு இருபத்தாறு வயது. இதை விட்டால் அடுத்த முறை சின்னவர்கள் வந்து நிற்பார்கள். அந்தப் பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் போனான்.

“அக்கா, என்னைய எடுப்பாங்களா? நான் எதுவரைக்கும் போவேன்?”

“நாளைக்கு விடிஞ்சதும் தனியா மேல போ. மெட்டு வரைக்கும் போய்ட்டு வந்து, என்ன கேட்டன்னு சொல்லு.”

“என்ன பாத்தேன்னா அக்கா?”

“மேகம் எறங்கிக் கெடக்கு. பாக்குறதுக்கு என்ன இருக்கு? என்ன கேட்டன்னு சொல்லு.”

விடிந்ததும் கிளம்பினான். கீழ் வளைவுகளில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அவனைத் தாண்டிப் போயின. மேலே போகப் போக மேகம் சாலையை மூடியது. தன் முன்சக்கரம் தெரிந்தது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக்.

ஃப்ரீவீல் சத்தம். மிதிக்காமல் சும்மா உருளும் சைக்கிளில்தான் அது வரும். இறக்கத்தில் எல்லாச் சைக்கிளும் அந்தச் சத்தம் போடும். ஏற்றத்தில் போடாது. ஏற்றத்தில் மிதிக்காவிட்டால் சைக்கிள் நின்றுவிடும்.

தன்னுடையதோ என்று பார்த்தான். அவன் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை, சத்தமும் இல்லை. முன்னால் திரும்பியதும் மறுபடி டிக், டிக்.

வேகமாக மிதித்தான். விட்டுப் போகவில்லை. மெதுவாகப் போனான். அதுவும் மெதுவாக வந்தது. யாரோ அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு மிதிகூட மிதிக்காமல் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை.

பின்னாலிருந்து ஒரு ஜீப் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துத் தலையை நீட்டினார்.

“தம்பி, ரெண்டு பேரும் ஓரமாப் போங்கப்பா! மேலருந்து பஸ்ஸு வருது.”

ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீப் மேகத்துக்குள் போய்விட்டது.

அவன் கால்கள் கனத்தன. கேரியரில் ஆள் உட்கார்ந்திருப்பது போல சைக்கிள் இழுத்தது. இத்தனை வருஷத்தில் அவன் இப்படிக் களைத்ததே இல்லை. வேறு வழி தெரியாமல் முழங்கையை வெட்டிக் காட்டினான். யாரும் முன்னால் வரவில்லை. இன்னொரு முறை காட்டினான். டிக், டிக், டிக்.

“வாய்யா முன்னால!” என்று கத்தினான். குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

கடைசி வளைவு நெருங்கியது. அங்கே என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வளைவின் பாதியில் சத்தம் நிற்கும். நின்றால் பின்னால் இருப்பவன் மிதிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். பிறகு வலது பக்கமாக வருவான்.

சத்தம் நின்றது.

அழகுராஜா இரண்டு பிரேக்கையும் பிடித்துக் காலை ஊன்றினான். வலது பக்கம் பார்க்கவே இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். இறக்கத்தில் அவன் சைக்கிளே டிக் டிக் என்று சத்தம் போட்டது. அதில் இன்னொன்றும் சேர்ந்து வந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

பேச்சியக்கா கிட்டங்கி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேட்ட?”

“ஃப்ரீவீல் சத்தம்.”

“எறங்கும்போதா?”

“ஏறும்போது.”

அக்கா டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“கையக் காட்டினியா?”

“காட்டினேன். வரல.”

“மெட்டுக்குப் போனியா?”

“இல்லக்கா. கடைசி வளைவுல நிறுத்திட்டேன். அங்க அவன் தாண்டிருவான்.”

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

அழகுராஜா தரையைப் பார்த்தான். “நானா இருந்தா அங்கதான் தாண்டுவேன்.”

அக்கா மிச்ச டீயைத் தரையில் ஊற்றினார்.

“நாளைக்கும் வருவானாக்கா?”

“இத்தன நாளும் வந்தான். நீ கூட்டத்துல இருந்த, அதான் கேக்கல.”

ஞாயிற்றுக்கிழமையும் மேகம் விலகவில்லை. மேல் வளைவுகளுக்கு வரும்போது முன்னணியில் நாலைந்து பேர்தான் மிச்சம். அழகுராஜா தன் வழக்கமான இடத்தில், கடைசிக்கு முந்தியவனாக இருந்தான். அவனுக்குப் பின்னால் செல்வின். மற்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய் முடித்திருந்தார்கள். இப்போது முன்னால் இருந்த திண்டுக்கல்காரன் அழகுராஜாவைப் பார்த்து முழங்கையை வெட்டினான்.

பழக்க தோஷத்தில் அழகுராஜா செயினைப் பார்க்கக் குனிந்தான். குனிந்த காதுக்குப் பக்கத்தில் கேட்டது. டிக், டிக், டிக்.

நிமிர்ந்தான். வெளியே வந்து முன்னால் போனான்.

காற்று முகத்தில் அறைந்தது. பந்தயத்தில் இந்தக் காற்றை அவன் வாங்கியதே இல்லை. கண்ணில் நீர் வந்தது. தொடை எரிந்தது. ஆனால் அந்தச் சத்தம் பின்னுக்குப் போயிருந்தது. ஒட்டிக்கொண்டு வந்த செல்வினுக்கும் பின்னால், ஒரு சைக்கிள் தள்ளிக் கேட்டது.

முடிந்த மட்டும் முன்னால் ஓட்டிவிட்டு முழங்கையை வெட்டிக் காட்டினான். யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். செல்வின் குனிந்து தன் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகுராஜாவுக்குக் கோபம் வரவில்லை. மறுபடி முன்னால் திரும்பி மிதித்தான்.

கடைசி வளைவின் ஓரத்தில் பேச்சியக்கா நின்றிருந்தார். அங்கே சத்தம் நின்றது. இந்த முறை அழகுராஜா பிரேக் பிடிக்கவில்லை. வலது பக்கம் பார்த்தான். செல்வின் தாண்டிக்கொண்டிருந்தான். ஜெயிக்கப் போகிறவன் முகமாக அது இல்லை. நாய் துரத்த ஓடுகிறவன் முகமாக இருந்தது. பிறகு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அதையும் மேகம் மூடிக்கொண்டது.

செல்வின் ஜெயித்தான். வெளிநாட்டு ஆள் அவன் தோளில் கை போட்டுக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனார். அழகுராஜா நாலாவதாக வந்திருந்தான். அவன் பெயரை யாரும் கேட்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வளைவுக்கு இறங்கி வந்தான்.

“போச்சுக்கா.”

“சத்தம்?”

“எனக்குக் கேக்கல.” மடக்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இனிமே நான் என்னக்கா பண்றது?”

அக்கா பதில் சொல்வதற்குள் செல்வின் வந்தான். கழுத்தில் மாலை இருந்தது. நடந்து வரும்போதே பின்னால் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் வந்த பிறகும் ஒரு முறை பார்த்தான்.

“அண்ணே, கடைசில என் பின்னால யாரு வந்தது?”

“உன் பின்னாலயா? நாங்கதான்டா வந்தோம்.”

“இல்லண்ணே. ஏற்றத்துல டிக் டிக்னு ஒரு சத்தம். ஜெயிச்சு முடிச்சும் கேட்டுச்சு.” குரலைத் தாழ்த்தினான். “இப்பவும் கேக்குது.”

அழகுராஜா அக்காவைப் பார்த்தான். அக்கா சாலையில் அந்த வளைவுக்கு மேலே, தான் போகாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு விடிஞ்சதும் சைக்கிள எடுங்க. மெட்டு வரைக்கும் போகணும். மாறி மாறி முன்னால போங்க, மூணு பேரும்.”

“நாங்க ரெண்டு பேருதானக்கா?” என்றான் செல்வின்.

அழகுராஜா திரும்பித் தன் பின்சக்கரத்தைப் பார்த்தான்.

“கையக் காட்டிக்கிட்டே இருங்க. என்னைக்காவது முன்னால வருவான். பக்கத்துல வரும்போது அவன் மொகத்தப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க” என்றார் பேச்சியக்கா. “அன்னைக்கு இந்த வளைவுல நான் முதுகத்தான் பாத்தேன்.”