துவான் வீட்டு மண்சட்டி

துவான் வீட்டு மகள்கள் மூவருக்கும் அநியாயம் செய்தவர் அவர்களுடைய சொந்தப் பெரியப்பா. அப்பாவின் சவப்பெட்டியை மூடிய கையோடு செய்தார்.

அவர்கள் லேசுப்பட்ட பெண்கள் இல்லை. மூத்தவள் லான் வங்கி நடத்தினாள். அடுத்தவள் யுன் அடித்த ஒரு தந்திக்கு இரண்டு படைகள் நின்ற இடத்திலேயே நின்றன. கடைக்குட்டி சின் சட்டம் எழுதினாள். சீனா முழுக்க அவர்கள் பெயர் தெரியும்.

ஆனால் சவப்பெட்டியைத் தூக்குமுன் வாசலில் ஒரு மண்சட்டியை உடைக்க வேண்டும். மகன் உடைப்பதுதான் வழக்கம். உடைத்த கைக்குத்தான் வீடு சேரும்.

"தம்பிக்கு மகன் இல்லாவிட்டால் என்ன? என் மகன் இருக்கிறான். ஹாய்மிங் உடைப்பான்," என்றார் பெரியப்பா.

ஹாய்மிங் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. கூடத்தில் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அந்தக் கூடத்தில்தான் அப்பா ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

"காரியம் முடிஞ்சதும் இந்த பெஞ்சையெல்லாம் தூக்கி வெளியே போட்டுடணும்," என்றான், தோலைத் துப்பிவிட்டு.

சின் மலையேறினாள்.

மேலே மடத்து முற்றத்தில் பிக்குணி ஜிங்ஷூ கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் சின்னுக்குப் பக்கத்து பெஞ்ச். இப்போது சின்னுக்கு குரு.

"குருவே, எனக்கு ஒரு வாதம் வேண்டும். பெரியப்பா வாயடைத்துப் போகிற மாதிரி."

"வாதத்துக்கு முதல் பரிசு வாங்கினவள் நீ. என்னிடம் வந்து கேட்கிறாயே?"

"என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கடைசிவரை அப்பாவுக்குச் சோறூட்டியது நாங்கள் என்றேன். மருமகள் இருந்திருந்தால் அவள் ஊட்டியிருப்பாள் என்கிறார். சட்டப்படி மகளுக்கும் உரிமை உண்டு, எழுதியதே நான்தான் என்றேன். அது நாட்டு விஷயம், இது வீட்டு விஷயம் என்கிறார். நாடே எங்கள் பேச்சைக் கேட்கிறது என்றேன். அப்படியானால் வீட்டிலாவது வாயை மூடு என்கிறார்!"

ஜிங்ஷூ சிரித்துவிட்டாள். "கெட்டிக்காரக் கிழவர்."

"நீங்கள் யார் பக்கம்?"

ஜிங்ஷூ கீரையை வைத்துவிட்டு எழுந்தாள். சின்னின் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தினாள்.

சின் கதவைத் தட்டினாள்.

"இது என்ன நியாயம்?"



மடம் எல்லோருக்கும் பொது என்றாள். இவ்வளவு தூரம் ஏறி வந்தவளை வெளியே நிறுத்துவது எந்த தர்மம் என்றாள். பழைய சிநேகிதத்தை இழுத்தாள். கதவைப் பார்த்து, ஒன்று விடாமல், தொண்டை கட்டும்வரை வாதாடினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சின், இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது."

சின் ஓங்கிய கையோடு நின்றாள்.

பிறகு கதவைத் தொடாமலேயே திரும்பி, மலையிறங்கினாள்.

மறுநாள் காலை. சுமப்பவர்கள் பெட்டிக்கடியில் தோள் கொடுத்து, வாசலைப் பார்த்து நின்றார்கள். சட்டி உடையும் சத்தம் கேட்டதும் தூக்குவார்கள். தூக்கிவிட்டால் கல்லறை வரைக்கும் இறக்க மாட்டார்கள்.

சட்டி படியில் இருந்தது. பெரியப்பா ஹாய்மிங்கின் அருமை பெருமைகளை ஊராருக்கு நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்.

சின் அக்காக்களின் கையைப் பிடித்தாள். மூவரும் படியை நோக்கி நடந்தார்கள்.

"என்னடி பேசப் போகிறாய்?" என்று கிசுகிசுத்தாள் லான்.

"ஒன்றும் பேசப் போவதில்லை."

"நீயா?" என்றாள் யுன்.

மூன்று பேர் கையும் சேர்ந்து சட்டியைத் தூக்கின.

படார்!

பெட்டி எழுந்தது.

"இறக்குங்கள்! இது செல்லாது!" என்று கத்தினார் பெரியப்பா.

"தூக்கினதை இறக்கக் கூடாதுங்க," என்றான் முன்னால் நின்ற ஆள், திரும்பிப் பார்க்காமல்.

பெரியப்பா ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரைக் கேட்டு உடைத்தாய்?"

சின்னின் நாக்கு நுனியில் ஏழெட்டு பதில்கள் இருந்தன. எல்லாமே நல்ல பதில்கள். அத்தனையையும் விழுங்கினாள்.

"வழி விடுங்கள், பெரியப்பா. அப்பா புறப்பட்டாயிற்று."