தங்கப்பழத்தின் வீல் ஸ்பானர்

முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் யாரும் பதில் சொல்லக் கூடாது. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அவசரப்பட்ட ஒருவன் இந்தக் கதையிலேயே இருக்கிறான். அவன் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோவில்பட்டிப் பக்கம் அய்யாத்துரை என்று ஒரு டிரைவர். பதினெட்டு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, டாக்ஸிக்கென்று சொந்தமாக ஒரு புதுக் கார் எடுத்தான். எடுத்த அன்றைக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி டயருக்குச் சந்தனப் பொட்டு வைத்ததோடு சரி, அதன் பிளாஸ்டிக் உறையை அவன் பிரிக்கவேயில்லை. அந்த ஊரில் பலரும் அப்படித்தான். உறையைப் பிரித்தால் வண்டி பழசாகிவிடுமாம்!

எட்டே மாதம். வண்டியோடு வந்த டயர்கள் நாலும் மொட்டைத்தலை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. மூன்று வருஷம் உழைக்க வேண்டிய டயர்கள். அய்யாத்துரை பதறிக்கொண்டு ஷோரூமுக்கு ஓடினான். மேனேஜர் குணசீலன் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓவர்லோடு ஏத்துறீங்க, கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறீங்க, காத்து செக் பண்றதில்ல. டயர் என்ன செய்யும்?"

"அப்போ வெளிய வேற டயர் வாங்கிப் போட்டுக்கிடட்டுமா சார்?"

"போட்டுப் பாருங்க, வாரண்டி மொத்தமாப் போயிடும். இன்னும் நல்லா ஓடும், பயப்படாமப் போங்க."

மூன்று தடவை போனான், மூன்று தடவையும் இதே பாட்டு. கடைசித் தடவை வெளியே வரும்போது மேனேஜரின் சொந்தக் கார் வேப்பமர நிழலில் நின்றது. அதே மாடல், அதே மாதம் எடுத்தது. ஆனால் நாலு டயரும் வேறு கம்பெனி.

"ஏன் சார், உங்க வண்டியில மட்டும் டயர் மாறியிருக்கே?"

"அது என் இஷ்டம்யா," என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் அய்யாத்துரையின் மனைவி பொன்மாரியின் அக்காள் வீட்டில் காதுகுத்து. காரில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். ஊர் எல்லையில் இசக்கிமுத்துவின் பஞ்சர் கடையில் நிறுத்தினான். முன்பக்கம் இடது டயரில் கம்பியே தெரிந்தது.

"ஏ அய்யா, இதுல போனா நேரா எமன் வீட்டுக்குத்தான்! ஸ்டெப்னிய எடும்," என்று கத்தினான் இசக்கிமுத்து. உறையைக் கிழித்து அந்தப் புத்தம்புது டயரை மாட்டினான். நாலுக்கும் காற்றைச் சரியாக அளந்து அடைத்தான். "இது ரோட்டையே பாக்காத டயருல்லா, தைரியமாப் போங்க."

இருபது கிலோமீட்டர்கூட ஓடவில்லை. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. திடீரென்று வெடி போட்ட சத்தம். வெடித்தது அந்த ஸ்டெப்னிதான். ரப்பர் பட்டை பட்டையாகப் பிய்ந்து கண்ணாடியில் அறைந்தது. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பொன்மாரியின் நெஞ்சில் கார்க் கதவின் தகடு இறங்கிவிட்டது. மடியில் இருந்த முறுக்கும் அதிரசமும் ரத்தத்தில் ஊறிக் கிடந்தன. "ஏங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அவ்வளவுதான், பாவி மகள் போய்ச் சேர்ந்தாள்.

பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலுக்கு அவளுடைய அண்ணன் தங்கப்பழம் வந்தான். லாரி டிரைவர். கையில் வீல் ஸ்பானர்.

"என் தங்கச்சியக் கொன்னுட்டியேலே!"

முதல் அடியில் அய்யாத்துரையின் மணிக்கட்டு ஒடிந்தது. அவன் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை.

"அடிங்க மச்சான். டயர் சரியில்லன்னு தெரிஞ்சும் வண்டிய எடுத்தேன். நாந்தான் கொன்னேன்."

சேதி கேட்டு ஓடிவந்த இசக்கிமுத்து குறுக்கே விழுந்தான். "அவர விடுங்க அண்ணாச்சி, அந்த டயர மாட்டினது நான்!" தங்கப்பழம் விட்ட உதையில் அவனுக்கு இரண்டு பல் போயிற்று.

பாலத்தில் நொறுங்கிக் கிடந்த காரைப் படம் எடுத்துவிட்டு மேனேஜர் குணசீலனும் அப்போது அங்கே வந்து நின்றார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "வருத்தமாத்தான் இருக்கு. ஓவர்லோடு, ஓவர்ஸ்பீடுன்னு நாங்க மூணு தடவை சொன்னோம். இவரு கேக்கல."

ஸ்பானர் மறுபடியும் தலைக்கு மேலே எழுந்தது. மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேர் 'நான்தான்' என்கிறார்கள், ஒருவர் 'நான் இல்லை' என்கிறார்.

இப்போது சொல்லுங்கள், பொன்மாரியைக் கொன்றது யார்?

விடை: மேனேஜர்தான், வேறு யார்? வெடித்தது ரோட்டையே பார்க்காத டயர். ஓட்டாத டயரை எவன் கண்ணுமண்ணு தெரியாமல் ஓட்டினான்? காரில் இருந்ததோ இரண்டே பேர், காற்றும் அப்போதுதான் அளந்து அடைத்தது. ஆக, டயர் பிறவியிலேயே கோளாறு. அது மேனேஜருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரியாதவர் தன் காருக்கு மட்டும் வாரண்டியைப் பற்றிக் கவலைப்படாமல் நாலையும் மாற்றியிருப்பாரா? அய்யாத்துரை அவர் பேச்சை நம்பினான், இசக்கிமுத்து புது டயரை நம்பினான். தங்கப்பழமாவது ஒரு நிமிஷம் நின்று, எந்த டயர் வெடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படுபாவி, அவன் இஸ்திரிச் சட்டையை நம்பினான். ஸ்பானர் அய்யாத்துரையின் மண்டையில் இறங்கியது, மூன்றாம் நாள் அவனும் செத்தான். தங்கப்பழம் இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். மேனேஜர் பொன்மாரி செத்த அன்றைக்குச் சாயங்காலமே ஷோரூமுக்குத் திரும்பி, புதிதாகக் கார் எடுத்த ஒரு குடும்பத்துக்குச் சாவியைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்தார். அந்தக் காரிலும் அதே டயர்தான்.