கேட்டவர் கையெழுத்து

"மேடம், நான் எழுதுனதுக்கு மார்க் போடுங்க. இன்னொரு ஆள் கையெழுத்து எதுக்கு?"

கேட்டவர் இன்னாசி. வயது ஐம்பத்தொன்பது. முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் அறை வேலை. எட்டுத் திக்கும் பார்த்தாயிற்று. இப்போது தூத்துக்குடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, தொலைதூரக் கல்வியில் பி.ஏ. படிக்கிறார்.

டீச்சர் சண்முகவடிவுக்கு வயது முப்பத்தொன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாடம் நடத்துவார். பாடத்தின் பெயர் உலகப் பிரச்சினைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரிய பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் நடப்பதைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை யாராவது ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூடப் படிப்பவர்களிடம் வாங்கினால் செல்லாது. இப்படிப் பத்துப் பக்கம் சேர்ந்தால்தான் அந்த வகுப்பில் நீடிக்க முடியும்.

இன்னாசியின் முதல் பக்கம் போரைப் பற்றியது. அருமையாகத்தான் எழுதியிருந்தார். அடியில் மட்டும் ஒன்றுமில்லை.

டீச்சர் அந்த வெற்றிடத்தைச் சிவப்புப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வீட்டுல நான் ஒத்த ஆளு மேடம். பொண்டாட்டி போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. மக கனடாவுல இருக்கா."

"உலகத்துல எண்ணூறு கோடிப் பேர் இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அவ்வளவு பேர் இருக்காங்கல்லா."

"அதுல ஒருத்தர் போதும் சார்."

பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் இன்னாசி தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுதிக்கொண்டு போனார். அடியில் ஒன்றுமில்லை.

மறுபடியும் இரண்டு தட்டு.

இன்னாசிக்குப் பயம் வந்துவிட்டது. பட்டம் போனால் போகட்டும், அதை வைத்துக்கொண்டு இந்த வயதில் என்ன கிழிக்கப் போகிறார்? வகுப்பு போய்விடுமே என்றுதான் பயம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "இன்னாசி சார்" என்று கூப்பிடுவார். இவர் "இருக்கேன் மேடம்" என்பார். வாரம் முழுக்க அவர் பேரை வேறு ஒரு வாய் சொல்வதில்லை. அதற்காகத்தான் அவர் படிக்கவே சேர்ந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால் எதற்காகச் சேரப் போகிறார்?

அந்த வாரம் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றார். பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு தபால் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேர். அவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு மேலே வந்தார்.

மூன்றாவது பக்கம் பூமி சூடாகிக்கொண்டு வருவதைப் பற்றி. அடியில் பச்சை மையில், சற்றே சாய்வான எழுத்தில் ஒரு கேள்வி இருந்தது.

'நீங்க வேலை பார்த்த இன்ஜின் ரூம்ல ரொம்பச் சூடா இருக்குமா?'

கையெழுத்து: பி. ஷெரின்.

டீச்சர் படித்தார். இன்னாசியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். முழு மார்க் போட்டார்.

அதன்பிறகு வண்டி தடையில்லாமல் ஓடியது.

பசியைப் பற்றி எழுதிய வாரம் மீரான் முகைதீன் கேட்டார்: 'காலையில என்ன சாப்பிட்டீங்க?'

அகதிகளைப் பற்றி எழுதிய வாரம் கோ. வேலம்மாள் கேட்டார்: 'கப்பல்ல இருக்கும்போது ராத்திரி யாரை நெனச்சுக்குவீங்க?'

பழைய இரண்டு பக்கங்களுக்கும்கூட ஆள் கிடைத்துவிட்டது.

கேள்வியை யோசிப்பதற்குத்தான் இன்னாசிக்கு அதிக நேரம் பிடித்தது. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். படித்து முடித்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். ஷெரின் தங்கமான பிள்ளை என்று அவருக்குத் தோன்றும். அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. வயது ஐம்பதா ஐந்தா என்றும் தெரியாது.

பத்தாவது பக்கத்தைத்தான் ரொம்ப உருகி எழுதினார். குண்டு விழுந்து, செத்தவர்களுக்கு அழக்கூட ஆள் மிஞ்சாத ஊர்களைப் பற்றியது. கீழ்த்தளம் மூன்றாம் நம்பர் எஸ். தெய்வேந்திரன் அதற்குக் கேள்வி கேட்டிருந்தார்.

'இத எழுதும்போது நீங்க அழுதீங்களா?'

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் டீச்சர் பத்துப் பக்கத்தையும் மேசையில் பரப்பினார்.

"பத்துப் பேரும் நல்லாக் கேட்டிருக்காங்க சார்."

"ஆமா மேடம். அவ்வளவு பேரும் நல்ல ஆளுக."

"போரைப் பத்தி எழுதியிருக்கீங்க. போரைப் பத்தி யாரும் கேக்கல. பஞ்சத்தைப் பத்தியும் கேக்கல. பத்துப் பேரும் உங்களைப் பத்தித்தான் கேட்டிருக்காங்க."

இன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவ்வளவு பிரியமான ஆளு எங்க தெருவுல ஒருத்தர்கூட இல்ல சார்."

அவ்வளவுதான். இன்னாசிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாம் நானா எழுதுனதுதான் மேடம்."

"தெரியும்."

"எப்போருந்து?"

"ஷெரின்லேருந்து."

"பின்ன எதுக்கு முழு மார்க் போட்டீங்க?"

டீச்சர் பத்தாவது பக்கத்தை எடுத்தார். கையெழுத்து இருந்த இடத்துக்கு மேலே ஸ்கேலை வைத்து அழுத்தி, அடிப்பகுதியை நேராகக் கிழித்தார். கிழித்த துண்டைக் குப்பைக்கூடையில் போட்டார். மிச்சத்தை இன்னாசியிடம் நீட்டினார்.

"இந்த ஒண்ணை மட்டும் நெசமா வாங்கிட்டு வாங்க."

"அவுக கேக்க மாட்டேன்னுட்டா? பேர வெட்டிருவீங்களா?"

டீச்சர் பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இன்னாசி நேரே வீட்டுக்கு வந்தார். மாடி ஏறாமல் மூன்றாம் நம்பர் கதவைத் தட்டினார். தட்டிவிட்டு, யாரும் இல்லாமல் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். மொட்டை போட்டு முடி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. திருச்செந்தூர் போய் வந்திருப்பார் என்று இன்னாசி நினைத்துக்கொண்டார்.

"நான் மேல, ஒம்பதாம் நம்பர்."

"தெரியும். கப்பக்காரரு. சொல்லுங்க."

தன்னைத் தெரியும் என்றதும் இன்னாசிக்குப் பேச்சு தடுமாறியது.

"ஒரு பக்கம் எழுதியிருக்கேன். நீங்க கேக்கணும். அஞ்சு நிமிசந்தான்."

"என்னது, தண்ணி மோட்டார் ரிப்பேர் விசயமா?"

"இல்ல. உலகப் பிரச்சினை."

தெய்வேந்திரன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அது மட்டுமில்ல. ஒங்க பேர்ல நானே கையெழுத்துப் போட்டுட்டேன். டீச்சர் கிழிச்சுப் போட்டுட்டாங்க."

"எம் பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தபால் பெட்டியில இருக்குல்லா."

தெய்வேந்திரன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"படிங்க."

இன்னாசி படித்தார். எங்கோ தூரத்தில் இருக்கும் ஊர்கள். இடிந்த வீடுகள். துணி போர்த்த ஆளில்லாத உடல்கள். கிட்டத்தில் உட்கார்ந்து அழ ஒரு சொந்தம் மிஞ்சாத சாவுகள். நடுவில் இரண்டு இடத்தில் அவருக்கே குரல் உடைந்தது. தெய்வேந்திரன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தான் படிப்பதை ஒரு மனிதன் கேட்கிறான் என்பதாலேயே இன்னாசி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"ஒரு கேள்வி எழுதணும். என்ன வேணும்னாலும் கேக்கலாம்."

தெய்வேந்திரன் பேனாவை வாங்கவில்லை.

"என்ன வேணும்னாலுமா?"

"ஆமா."

"போன மாசம் எங்கம்மா தவறிட்டா. வாசல்ல பந்தல் கிடந்துச்சு. பதினாறு நாள் இந்தக் கதவ நாங்க அடைக்கல. இந்தக் கட்டடத்துல உள்ள எல்லா வீட்டுலேருந்தும் துஷ்டி கேக்க வந்தாவ. நீங்க மட்டும் ஏன் வரல?"

குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தப் பந்தல் இன்னாசிக்கு ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வழியை அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் தெருவுக்கு இறங்கியிருந்தார். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் கையில் இருந்தது அகதிகளைப் பற்றிய பக்கம்.

இன்னாசி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

சாவு விழுந்த துஷ்டி வீட்டில் 'வாங்க' என்று சொல்கிற வழக்கமில்லை. தெய்வேந்திரனும் சொல்லவில்லை. கதவைவிட்டு நகர்ந்து மட்டும் நின்றார்.

இன்னாசி உள்ளே போனார். மாலை போட்ட படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு என்ன செஞ்சுது?" என்று கேட்டார்.